பட்டியில் அடைத்த வரிவண்டுகள்

போன மார்ச்சில் எங்கள் வீட்டுப் பெண்பன்றி வேலியில் ஒரு சந்து கண்டுபிடித்துப் பழப்பண்ணைக்குள் போய்விட்டது. புளூபெர்ரிச் செடிகளின் நடுவே இரண்டு வரிசையை மூக்காலேயே உழுது வைத்திருந்தது. பண்ணை ஆட்கள் அதன் கழுத்தில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போய் முனிசிபாலிட்டி பட்டியில் அடைத்தார்கள். நான் மழையில் நனைந்தபடி பட்டி வாசலில் நின்று, எந்தக் காதில் வெட்டு, தோலில் எந்த இடத்தில் கறை, குட்டி போட்டதா போடாததா என்று அத்தனை அடையாளமும் சொல்லி, இது என்னுடையதுதான் என்று ஊர் பார்க்க ஒப்புக்கொண்டு மீட்டு வந்தேன். பண்ணை இஞ்சினியர் அன்று என்னைத் தோன்யா என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்:

"உங்க பிராணி, உங்க பொறுப்பு, தோன்யா சுலேமா. கட்டி வெச்சுக்கணும்."

நியாயம்தானே. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பன்றி என்னுடையது, செடி அவர்களுடையது. என் வீட்டுக்காரர் அமாதோர் இடுப்பு வலியோடு மறுநாளே வேலியை அடைத்தார். அப்படி வாயை மூடிக்கொண்டு திரும்பியவள் நான். அதனால்தான் இந்த செப்டம்பரில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

செப்டம்பரில்தான் எங்கள் பக்கம் வசந்தம் தொடங்கும், மழையும் ஓயாது. கொஞ்ச நேரம் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்தால் போதும், செவலை வந்துவிடும். மாட்டைச் சொல்லவில்லை, வண்டைச் சொல்கிறேன். தேனீச் சாதிதான். ஆனால் பக்கத்தில் ஒரு தேனீயை உட்கார வைத்தால் பசுவுக்குப் பக்கத்தில் கோழி மாதிரி இருக்கும். உருண்டையான உடம்பு, முழுக்க அடர்ந்த மயிர், கழுத்திலிருந்து வால்வரை ஒரே செம்மஞ்சள். முகமும் காலும் மட்டும் கறுப்பு. கோடு இல்லை, பட்டை இல்லை, வெள்ளை என்பது மருந்துக்கும் இல்லை. தூரத்தில் யாரோ மோட்டார் ரம்பத்தால் மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டே செவலை வருகிறது என்று சொல்லிவிடலாம். இதை அடையாளம் காண எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இஞ்சினியருக்கும் தெரியும். நன்றாகவே தெரியும்.

மற்றது வரிவண்டு. கறுப்பு உடம்பு. கழுத்தில் ஒரு மஞ்சள் பட்டை, வயிற்றில் ஒரு மஞ்சள் பட்டை, பின்புறம் சுண்ணாம்பில் தோய்த்து எடுத்தாற்போல வெள்ளை. அதன் சொந்த ஊர் ஐரோப்பா. அட்டைப்பெட்டியில் அடைத்து சந்தியாகோவுக்கு வந்து, அங்கிருந்து லாரியில் சிலியின் இந்தத் தெற்கு மூலைக்கு வருகிறது. புளூபெர்ரி பூக்கும்போது பண்ணைக்காரர்கள் அந்தப் பெட்டிகளைச் செடி வரிசைகளுக்கு நடுவே வைக்கிறார்கள். பூ முடிந்ததும் கிடங்குக்குப் பின்னால் வீசிவிடுகிறார்கள். வீசின பெட்டியிலிருந்து புது ராணிகள் கிளம்பி, எங்கள் மண்ணைத் தோண்டிக் குளிர்காலம் முழுக்கத் தூங்கி, வசந்தத்தில் எழுந்து வீடு தேடுகின்றன. யார் வீட்டை? செவலையின் வீட்டைத்தான்.

இது முதன்முதலில் வந்தபோது நாங்கள் எல்லோரும் ஒரு முட்டாள்தனம் செய்தோம். செவலையின் புருஷன் என்று நினைத்தோம். கிளப்பிவிட்டவள் எர்சிலியா. என் மகளுக்கு ஞானத்தாய் அவள். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். "பாருங்க கொமாத்ரே," என்றாள் ஒருநாள், "வெளியூர்ல இருந்து வர்றான், பட்டை போட்ட சட்டை போட்டிருக்கான், வந்ததும் திங்கறான், ஒரு வேலையும் செய்யறதில்ல. புருஷனேதான்!" ஊரே சிரித்தது. சிரித்து அப்படியே நம்பியும் விட்டது. செவலைக்குத் துணை கிடைத்தது நல்லதுதான் என்று வரிவண்டை ஒருவரும் அடிக்கவில்லை. சில வசந்தம் கழிந்தது. பெண்டாட்டிமார் குறைந்துகொண்டே போனார்கள், புருஷன்மார் பெருகிக்கொண்டே போனார்கள். அவரைப் பூவைப் புரட்டிப் பார்த்தால் அடியில் ஓட்டை. வரிவண்டுக்கு நாக்கு குட்டை. பூவின் வாய் வழியாக எட்டாது. அதனால் திருடன் சுவரில் கன்னம் வைக்கிற மாதிரி பூவின் அடிப்பக்கத்தைக் கடித்துத் தேனைக் குடித்துவிட்டுப் போகிறது. மகரந்தம் தொடுவதில்லை. எர்சிலியாவின் அவரையில் பாதிப் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. போன வருஷம் அவள் வீட்டு ஆப்பிள் மரத்தடிப் பொந்தில் குடியிருந்த செவலை ராணி வாசலிலேயே செத்துக் கிடந்தது. உள்ளே வரிவண்டு உட்கார்ந்திருந்தது.

இந்த வருஷம் எங்கள் விறகுக் கொட்டகைக்கு ஒரு செவலை ராணி வந்தது.

தரையை ஒட்டித் தாழப் பறந்து, இங்கே நுழைந்து அங்கே வெளியேறி, வாடகைக்கு வீடு பார்க்கிறவள் மாதிரி ஒவ்வொரு பொந்தாக எட்டிப் பார்த்தது. அடுக்கிய விறகுக்குக் கீழே ஒரு பழைய எலி வளை. உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்த பிறகு வாசலுக்கு நேரே முகம் வைத்து, இடமும் வலமுமாக ஊசலாடி, வழியை மனதில் பதித்துக்கொண்டது. மறுநாள் பின்னங்கால் இரண்டிலும் மஞ்சள் மகரந்த உருண்டையோடு வந்தது. அப்படி வந்தால் குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

நான் அமாதோரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஊரில் அந்த வசந்தத்தில் வேறு யாரும் செவலையின் கூட்டைப் பார்க்கவில்லை. எர்சிலியா பார்க்கவில்லை, மேலண்டை வீட்டுக்காரர்கள் பார்க்கவில்லை, ஆற்றோரம் ஆடு மேய்ப்பவர்களும் பார்க்கவில்லை. இது ஒன்றுதான்.

ராணி ஆரம்பத்தில் ஒண்டிக்கட்டை. அதுவே சம்பாதிக்க வேண்டும், அதுவே முட்டையிட வேண்டும், கோழி மாதிரி முட்டை மேல் வயிற்றை அழுத்திப் படுத்துச் சூடு கொடுக்கவும் வேண்டும். குளிர் அடித்தால் உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடு உண்டாக்கும். தேன் தேடி வெளியே போனால் வீட்டில் ஆள் கிடையாது, கதவும் கிடையாது. முதல் பெண்பிள்ளைகள் பிறந்து வேலைக்கு இறங்க ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதம் தாண்டினால் கூடு பிழைக்கும். அதற்குள் வரிவண்டு ராணி நுழைந்தால் முடிந்தது.

அதனால் காவல் இருந்தேன். அதே பழப்பண்ணையில் களை கொத்தும் வேலைக்குப் போகுமுன் கொஞ்ச நேரம், வந்தபின் வெளிச்சம் இருக்கும்வரை. நடுப்பகலில் அமாதோர் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்.

"ஊர்ல கேட்டா என்ன சொல்லட்டும்? வண்டுக்கு வாட்ச்மேன்னா?" என்பார்.

"கேட்டா ஓய்வெடுக்கறேன்னு சொல்லுங்க. அதையும் நம்புவாங்க."

வரிவண்டு ராணி தாழப் பறந்து வந்து வளையை மோப்பம் பிடிக்கும்போது காபிப்பொடி பாட்டிலை அதன் மேல் கவிழ்ப்பேன். அட்டையை அடியில் சொருகுவேன். பிறகு வாளித் தண்ணீர். எனக்கு அதில் சந்தோஷமில்லை. அதுவும் ஒரு உயிர்தான், யாரோ கொண்டுவந்து போட்ட உயிர். ஆனால் நான் அதைக் கொண்டுவந்து போடவில்லை.

எங்கள் கொட்டகை பண்ணை வேலியை ஒட்டியது. பண்ணை மேஸ்திரி பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இஞ்சினியர் தன் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தினார். பெயர் கிறிஸ்தோபல். என் மூத்தவன் வயது. ஆனாலும் நாங்கள் மரியாதையாகத் தொன் கிறிஸ்தோபல் என்றுதான் சொல்ல வேண்டும். சேறு படாத பூட்ஸ்.

"தோன்யா சுலேமா, நீங்க எங்க வண்டுகளைக் கொல்றீங்களாம்."

"என் கொட்டகைக்குள்ள வர்றதைப் பிடிக்கிறேன், தொன் கிறிஸ்தோபல்."

"அது சும்மா பூச்சி இல்ல. விலை கொடுத்து வாங்கினது. பண்ணையோட சொத்து."

"கொட்டகைக்குள்ள வந்தாலுமா?"

"எங்க போனாலும் சொத்து சொத்துதான். உங்க பன்னி எங்க தோட்டத்துக்குள்ள வந்தப்ப அது உங்க பன்னியாத்தானே இருந்துச்சு?"

"அது சரிதான். அப்போ இது உங்களுது."

"எங்களுதுதான்."

"நிச்சயமா?"

"இதுல என்ன சந்தேகம்?" அவர் சிரித்தார். "பூ வரப்போகுது. உங்க வேலியோரமாவும் பெட்டி வைக்கப் போறோம். நீங்க இப்படிப் பண்ணிக்கிட்டிருந்தா நான் புகார் கொடுக்க வேண்டியிருக்கும். உங்களுக்கும் நம்ம பண்ணையிலதானே வேலை? நல்லா இருக்காது."

வண்டி போனதும் அமாதோர் உள்ளிருந்து வந்தார். "வேலியோரமாவா?" என்றார். அத்தனை பெட்டி வேலியோரம் வந்தால் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு எதைத் தடுப்பது?

எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். களை கொத்தியவளுக்குத் தூக்கம் வராமல் இருக்காது. ஆனால் விடிந்ததும் என் மனதில் ஒன்று மட்டும் நின்றது: எங்களுதுதான் என்று அவர் வாயால் சொல்லிவிட்டார். ஆக இதுவும் வேலி தாண்டி வந்த பிராணி. வேலி தாண்டி வந்த பிராணியை எங்கே அடைப்பது என்று இந்த ஊருக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை பிடித்தவற்றைத் தண்ணீரில் போடவில்லை. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணியை உள்ளே வைத்து, பாட்டிலோடு பஸ் ஏறினேன்.

பட்டிக்காரர் தொன் பெலார்மினோ தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பட்டிக்குள் ஒரு சாம்பல் கழுதையும் இரண்டு ஆட்டுக்குட்டிகளும் நனைந்துகொண்டிருந்தன.

"மறுபடியும் பன்னியா?" என்றார் என்னைப் பார்த்ததும்.

"இல்லீங்க. இந்தத் தடவை நான் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கேன். என் கொட்டகைக்குள்ள அத்துமீறி வந்தது." பாட்டிலை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். பாட்டில் ரீங்காரம் செய்தது. நிமிர்ந்தார்.

"கால் எத்தனை?"

"ஆறு."

"நம்ம பட்டி நாலு காலுக்கு, தோன்யா சுலேமா."

"போன வருஷம் வாத்தை அடைச்சீங்களே. அதுக்கு ரெண்டுதானே?"

யோசித்தார். மாத்தேயை ஒரு இழுப்பு இழுத்தார். "ரெண்டும் நாலும் ஆறு," என்றார். "சரி. அடையாளம் சொல்லு."

"கறுப்பு. கழுத்துல மஞ்சப்பட்டை, வயித்துல மஞ்சப்பட்டை. பின்பக்கம் வெள்ளை."

"ஆணா பொண்ணா?"

"எல்லாம் பொண்ணு. ராணி. இந்த மாசத்துல ஆம்பளை கிடையாது. அதுங்க கோடைக் கடைசியிலதான் வரும். வந்தாலும் வீடு தங்காது, பூவுலயே படுத்துத் தூங்கிடும்."

"என் தங்கச்சி வீட்டுக்காரன் மாதிரி. கொட்டுமா?"

"கையில பிடிச்சா கொட்டும்."

அவர் பாட்டிலை ஒரு குச்சியால் தள்ளி மேசையின் அந்தக் கோடிக்கு நகர்த்தினார். "உரிமை யாரு?"

"பழப்பண்ணை. இஞ்சினியரே நேத்து எங்க வாசல்ல நின்னு சொன்னாரு. எங்க வீட்டுக்காரரும் கேட்டாரு."

தொன் பெலார்மினோ சிரிக்காத மனிதர். சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசல் பலகைக்குப் போனார். பட்டியில் என்னென்ன அடைபட்டிருக்கிறது என்று ஊருக்குச் சொல்கிற பலகை அது. நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டக் கற்ற நாள் முதல் அந்தப் பலகையை நான் படிக்காமல் தாண்டியதில்லை. அவர் எழுதியதை உரக்கப் படித்தேன்: கழுதை, சாம்பல் நிறம், இடது கண் குருடு. ஆட்டுக்குட்டிகள். வண்டுகள், கறுப்பு, மஞ்சள் பட்டை இரண்டு, பின்புறம் வெள்ளை, பெண். உரிமை: பழப்பண்ணை. வந்து மீட்டுக்கொள்ளவும்.

சனிக்கிழமை சந்தை நாள். பலகை முன்னால் கூட்டம் சேர நேரமாகவில்லை. யாரோ போனில் படம் எடுத்தார்கள், யாரோ யாருக்கோ அனுப்பினார்கள். உருளைக்கிழங்கு மூட்டையோடு சந்தைக்கு வந்திருந்த எர்சிலியா மூட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "கொமாத்ரே, என்ன இது, புருஷன்மாரையெல்லாம் லாக்கப்புல போட்டுட்டீங்களா?" என்றாள். மத்தியானத்துக்குள் பண்ணை வண்டி வந்து நின்றது.

தொன் கிறிஸ்தோபல் இறங்கும்போது சிரித்துக்கொண்டுதான் இறங்கினார்.

"என்ன நாடகம் இது?"

"நாடகம் எல்லாம் பள்ளிக்கூடத்துல," என்றார் தொன் பெலார்மினோ. "இங்க மீட்புதான். மீட்கறீங்களா?"

"எதை? பூச்சியையா?"

"பலகையில போட்டிருக்கு. மீட்டா அத்துமீறல் உங்க பேர்ல ஆகும். இனிமே கட்டி வெச்சுக்கணும். மீட்கலேன்னா அதையும் இங்க நிக்கறவங்க முன்னால சொல்லிடணும்."

"இஞ்சினியர் ஐயா, மீட்டுக்கங்க," என்றாள் எர்சிலியா. "மீட்டதும் எங்க வீட்டுப் பக்கம் ஒரு நடை வந்துட்டுப் போங்க. என் அவரைப் பூவுல எல்லாம் உங்க ஆளுங்க ஓட்டை போட்டு வெச்சிருக்காங்க. தைச்சுக் கொடுங்க."

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "எங்க பூசணியிலயும்!" என்று கத்தினார். தொன் கிறிஸ்தோபல் சிரிப்பை நிறுத்தினார். அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஆம் என்றால் ஊரில் உள்ள அத்தனை தோட்டத்துக்கும் பண்ணை பதில் சொல்ல வேண்டும். பாட்டிலைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைப் பிட்டத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வண்டுகள் ஊர்ந்தன.

"இது எங்களுதுன்னு யார் சொன்னது?" என்றார். "இது இந்தப் பக்கத்து வயல்ல தானா இருக்கறது. நாட்டு வண்டு."

கழுதை மட்டும் காதை ஆட்டியது.

பன்றி விஷயத்தில், மழையில் நின்றதில், மேஸ்திரியின் அதட்டலில் எங்கெங்கோ அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வந்தது. 

"நாட்டு வண்டா?" என்றேன். "தொன் கிறிஸ்தோபல், உங்களுக்குத் தெரியாம சொன்னீங்கன்னா நான் சொல்லிக் கொடுத்திருப்பேன். தெரிஞ்சே சொல்றீங்க. எந்த வண்டு எந்தப் பெட்டியில வருதுன்னு கையெழுத்துப் போட்டு வாங்கறவரு நீங்க. இதே இடத்துல நான் என் பன்னியோட காதைப் பிடிச்சுக்கிட்டு, ஆமா என்னுதுதான், தப்பு என்னுதுதான்னு சொன்னேன். கூசத்தான் கூசுச்சு. சொன்னேன். உங்களால ஒரு பாட்டிலைப் பார்த்து அதைச் சொல்ல முடியல. போகட்டும், உங்களுது இல்லன்னே சொல்லுங்க. எங்களுதுன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்களுது செவலை. அதுக்குப் பட்டை கிடையாது, வெள்ளை கிடையாது. அது பூவோட வாசல் வழியா போகும், அவ்வளவு நீள நாக்கு அதுக்கு. இந்த வருஷம் ஊருக்கே ஒண்ணுதான் மிச்சம், அது என் விறகுக்கடியில உயிரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. செத்துக்கிட்டிருக்கறவ பேரைப் பிடுங்கிக் கொல்றவளுக்கு வைக்கறீங்களே, உங்களுக்கு நாக்கு கூசல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தொன் பெலார்மினோவிடம், "எங்களுது இல்ல. எழுதிக்கங்க," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

தொன் பெலார்மினோ பலகையில் பழப்பண்ணை என்பதைச் சட்டைக் கையால் அழித்தார். அந்த இடத்தில் யாருமில்லை என்று எழுதினார். "உரிமையில்லாத பிராணி பிடிச்சவங்களுக்கு," என்றார். "நீ அதை என்ன வேணா செஞ்சுக்கலாம். வறுத்துக்கூடத் தின்னலாம்."

ஜெயித்துவிட்டேன் என்று எர்சிலியா என்னைக் கட்டிப்பிடித்தாள். சந்தையில் எனக்கு ஒரு பொரித்த ரொட்டி கிடைத்தது. திங்கட்கிழமை பண்ணை வாசலில் மேஸ்திரி கையை நீட்டித் தடுத்தார். "இந்தப் பருவத்துக்கு உனக்கு வேலை இல்லையாம். நான் இல்ல, மேல சொன்னாங்க." மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். என் பின்னால் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். போனில் என் படத்தைப் பார்த்துக் கைதட்டியவர்கள்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் நான் நடந்த அந்தச் சேற்றுப் பாதை முழுக்க எனக்குக் கோபமாகவே இருந்தது. பொய் சொன்னவருக்கு வேலை இருக்கிறது. 

அமாதோர் விஷயத்தைக் கேட்டுவிட்டு அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "ஊரு உலகத்துல வண்டுக்காக வேலையை விட்டவ நீ ஒருத்திதான்."

"நான் எங்க விட்டேன்? அவங்கதான் விட்டுட்டாங்க."

"சரி விடு. என் இடுப்புக்கு ஓய்வு. முழுநாளும் நீயே காவல் இரு."

அந்த வாரமே பெட்டிகள் வந்தன. சொன்னபடி எங்கள் வேலியை ஒட்டியே வைத்தார்கள். வேண்டுமென்றேதான் வைத்தார்கள். கொட்டகையில் உட்கார்ந்தால் அந்தப் பெட்டிகளின் இரைச்சல் கேட்டது. பெட்டியிலிருந்து வருவது சின்ன வரிவண்டுகள், வேலைக்காரிகள். அவை வளையைப் பிடிக்க வராது. ஆனால் எங்கள் பள்ளத்தில் பூத்திருந்த சில்கோப் புதரின் தொங்கும் சிவப்புப் பூக்களையெல்லாம் காலையிலேயே அடியில் கடித்துக் காலி செய்தன. என் செவலை ஒவ்வொரு பூவாகப் போய் நாக்கை நீட்டிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் அடுத்ததற்குப் போனது. பிறகு அதற்கும் அடுத்ததற்கு. வெறுங்காலோடு திரும்பி வந்தது. வீட்டில் முட்டைக்குச் சூடு கொடுக்க வேண்டியவள் நாள் முழுக்க வெளியே அலைந்தால் முட்டை என்ன ஆகும்?

எர்சிலியாவிடம் போய்ச் சொன்னேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆளுக்கொரு பாட்டிலோடு ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதில் திங்கட்கிழமை தலையைக் குனிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். தொன் பெலார்மினோ தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முட்புதரோரம் போட்டு உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை பட்டிக்கு விடுமுறையாம். எங்கள் பக்கத்துப் பள்ளத்தில், எங்கள் மண்ணில் நின்று, பூவில் வந்து உட்கார்ந்த வரிவண்டு ஒவ்வொன்றையும் பிடித்தோம். மேஸ்திரி போய்ச் சொல்ல ஓடினார். தொன் கிறிஸ்தோபல் வந்தார், வீட்டு உடையில், முகம் சிவந்து.

"நிறுத்துங்க! எங்க பெட்டியில இருந்து வர்றதை நீங்க எப்படி..."

"எங்க பெட்டியா?" என்றாள் எர்சிலியா. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. தொன் பெலார்மினோவுக்கு வலது காது கேக்காது."

"இடது," என்றார் தொன் பெலார்மினோ.

"நீங்கதானே சொன்னீங்க," என்றாள் எர்சிலியா மறுபடியும், "யாருமில்லாத வண்டுன்னு? யாருமில்லாததை நாங்க பிடிக்கறோம். உங்களுதுன்னா சொல்லிடுங்க, இப்பவே பட்டிக்குக் கொண்டுபோறோம். திங்கக்கிழமை காலையில பலகை."

வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். எங்களுது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

புதன்கிழமை பெட்டிகளை எடுத்து ஆற்றுப்பக்கக் கோடியில் வைத்தார்கள். நல்ல மனது வந்து அல்ல. ஊர் சிரிக்கிறதே என்றுதான். யாரும் எங்களிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னை வேலைக்கும் திரும்பக் கூப்பிடவில்லை. முனிசிபாலிட்டியிலிருந்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் தாளில் இந்தப் பெட்டிகளைக் கொண்டுவர யாரும் தடை போடவில்லையாம். தடை இல்லாத எதுவும் குற்றம் இல்லையாம். ஆற்றோரம் யார் கண்ணிலும் படாமல் ஒரு செவலை குடியிருந்தால் அதன் கதி என்ன? அதை நினைத்தால் எனக்கு எர்சிலியாவோடு சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

அக்டோபரில் மூன்று நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த காலை. வழக்கம்போல மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தேன். ராணி வெகுநேரமாக வெளியே வரவில்லை. பட்டினியில் போய்விட்டதோ என்று பயந்தேன். விறகை விலக்கிப் பார்த்துவிடலாமா என்று கைகூட நீட்டிவிட்டேன். அப்போது வளை வாசலில் ஒன்று எட்டிப் பார்த்தது. ராணி இல்லை. அதில் பாதிகூட இல்லை, ஒரு அவரை விதையளவுதான். மயிர் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. அதே செம்மஞ்சள், கழுத்திலிருந்து வால்வரை. தடுமாறி ஏறிப் பறந்து, வாசலைப் பார்த்து இடமும் வலமும் ஊசலாடியது. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

"அமாதோர்!" என்று கத்தினேன். அவர் ஒரு கையில் இடுப்பையும் ஒரு கையில் தேநீர்க் கிண்ணத்தையும் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது வந்தபோது அவர் தொப்பியை எடுத்துவிட்டார், பூசையில் நிற்கிறவர் மாதிரி.

"இனிமே அதுங்களே பாத்துக்குமா?" என்று கேட்டார்.

"வாசல்ல ஆள் இருக்கு. ராணி வெளியே அலைய வேண்டியதில்ல."

"அப்போ நீ வேலை தேடப் போகலாம்."

"போகணும்," என்றேன். பக்கத்து ஊர்ப் பண்ணையில் ஆள் எடுக்கிறார்கள். அங்கேயும் பெட்டிகள் வந்திருக்கின்றன என்று எர்சிலியா சொன்னாள்.

கொட்டகைக் கூரையோரமாக ஒரு வரிவண்டு ராணி தாழ்ந்து வந்தது. தரையை ஒட்டி வளைந்து வளைந்து, விறகுப் பக்கம் திரும்பியது. அமாதோர் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.